வார்னிஷ் போட்ட உள்கதவுக்குப் பெயின்ட் அடிக்க

முகப்பு நிலைக்கதவை விட்டுவிடுங்கள். செதுக்கு வேலையுள்ள பர்மா தேக்கில் பெயின்ட் ஏறினால் இடுக்கெல்லாம் அடைந்துவிடும், சுரண்டி எடுக்கக் கூலி கொடுத்து மாளாது. அடுப்படி, இரண்டாங்கட்டு அறைகள், மாடி அறை என்று உள்ளே இருக்கும் சாதாரணக் கதவுகளுக்குத்தான் இந்த வேலை.

பழைய பூச்சு என்னவென்று முதலில் பாருங்கள். பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து மறைவான மூலையில் ஒரு நிமிடம் தேய்த்தால் பிசுபிசுவென்று கரைந்து வருகிறதா? அரக்கு பாலிஷ். அசையவில்லை என்றால் வார்னிஷ். இரண்டின் மேலும் பெயின்ட் நிற்கும், பளபளப்பை எடுத்தால்.

தேய்ப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். அடுப்படிக் கதவில் எண்ணெய்ப் புகை, தாழ்ப்பாள் பக்கம் கைப் பிசுக்கு, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், மஞ்சள் எல்லாம் படிந்திருக்கும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அந்த எண்ணெயை மரத்துக்குள் ஏற்றிவிடும். பிறகு பெயின்ட் அந்த இடத்தில் குழிகுழியாக விலகி நிற்கும். சலவை சோடாக் கரைசலால் கழுவி, நல்ல தண்ணீரால் துடைத்து, ஒரு நாள் காய விடுங்கள். மெழுகு பாலிஷ் போட்டிருந்தால் டர்பன்டைன் நனைத்த துணியாலும் துடைக்க வேண்டும்.

120 நம்பர் உப்புத்தாளால் மர ரேகை போகும் வழியே தேய்த்து, 180-ல் முடியுங்கள். மரம் வெளித்தெரிய வேண்டியதில்லை. மேற்பரப்பு முழுக்க மங்கினால் போதும். சட்டமும் பலகையும் சேரும் ஓரத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், உரிவதும் அங்கேதான் தொடங்கும். அடியில் பழைய பெயின்ட் தெரிந்தால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் அதிகம் இருக்கலாம், அந்தத் தூசி நச்சு. வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் வழியுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

தேக்கில் தண்ணீர் பிரைமர் போட்டால் மரத்துச் சாயம் ஊறி வெள்ளைப் பெயின்டில் பழுப்புக் கறையாக வரும். மேலே எத்தனை கோட்டிங் அடித்தாலும் கறை வருவது நிற்காது. எண்ணெய் அடிப்படை உட் பிரைமர் வாங்குங்கள். கறை, முடிச்சு உள்ள இடங்களில் மட்டும் முன்னதாக அரக்கு பாலிஷ் ஒரு கோட். பள்ளம், கீறல் அடைக்கும் பட்டியைப் பிரைமருக்குப் பிறகு வைத்து 220-ல் தேயுங்கள்.

ஏழடிக்கு மூன்றடிக் கதவு, இரு பக்கமும் விளிம்பும் சேர்த்து 45 சதுர அடி வரும். எனாமல் ஒரு லிட்டர் ஏறக்குறைய 100 சதுர அடிக்கு ஒரு கோட் வரும், ஆக இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் போதும். நிலைக்குத் தனியாக வாங்குங்கள். எனாமலில் கலக்கும் டர்பன்டைன் பத்து சதவீதத்தைத் தாண்டினால் பெயின்ட் வழியும். முதலில் பலகை, பிறகு குறுக்குச் சட்டம், கடைசியில் நெடுக்குச் சட்டம். கோட்டுக்குக் கோட்டு 24 மணி நேரம்.

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஆடிக் காற்றில் தூசி ஒட்டும், ஐப்பசி மழையில் காயாது. வெயில் விழும் கதவை மதியம் அடித்தால் பிரஷ் கோடு அப்படியே உறையும்.

இரட்டைக் கதவில் நடு விளிம்புகளை முன்கூட்டியே சற்று அதிகமாகத் தேய்த்து இடைவெளி விடுங்கள், பெயின்ட் தடிமனில் இறுகிப்போகும். மூன்று நாளைக்கு மூடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகும் ஒட்டினால் அந்த விளிம்பில் மெழுகுவர்த்தி தேயுங்கள். அடுத்த முறை அடிக்கும்போது அந்த மெழுகை டர்பன்டைனால் எடுத்துவிட வேண்டும்.