சர்ச்சைத் தீர்ப்பில் சிக்காமல் விசில் ஊதுவது எப்படி?

முதலில், கால்பந்து நடுவரான என் கதை. பெனால்டி எல்லைக்குள் ஒரு வீரர் இடறி விழுந்தார். உடனே விசில் ஊதிவிட்டேன். ஒலி அடங்குவதற்குள் அவருடைய அணிக்காரர் பந்தை வலைக்குள் அடித்துவிட்டார். விசிலுக்குப் பிறகு விழுந்தது கோல் ஆகாது. பெனால்டி கொடுத்தேன்; அதைக் கம்பத்துக்கு வெளியே அடித்தார்கள். அன்று இரு அணிகளும் ஒற்றுமையாக என்னைத் திட்டின.

ஆகவே விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஓடாதீர்கள், கையில் வைத்திருங்கள். கை வாய்க்கு வரும் நேரத்துக்குள் ஆட்டத்தைத் தொடரவிடலாமா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது நிற்கும் இடம். பந்துக்கு நேர் பின்னால் ஓடினால் முதுகுகள்தான் தெரியும். மோதும் இருவருக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் பக்கவாட்டில் விலகுங்கள். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங்கின் பூட்ஸ் ஸ்பெயினின் அலோன்சோவின் மார்பில் பதிந்தது. நடுவர் ஹோவர்ட் வெப் எச்சரிக்கையான மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டார். பார்வை மறைக்கப்பட்டதாகப் பின்னர் அவரே சொன்னார். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கால் தவறான இடத்தில் நின்றால் பயனில்லை.

மஞ்சள் அட்டை காட்டினால் எண்ணோடு அணியையும் எழுதுங்கள். அற்ப வேலை என்று தோன்றும். 2006 உலகக் கோப்பையில் குரோஷியாவின் 3ஆம் எண் வீரர் சிமுனிச்சுக்குக் காட்டிய இரண்டாவது அட்டையை, கிரஹாம் போல் என்ற நடுவர் ஆஸ்திரேலியாவின் 3ஆம் எண்ணில் குறித்துவிட்டார். இரண்டாவது அட்டையிலேயே வெளியேறியிருக்க வேண்டிய சிமுனிச் வெளியேறியது மூன்றாவது அட்டைக்குத்தான். போலின் உலகக் கோப்பைப் பயணம் அதோடு முடிந்தது.

வீரர்கள் சூழ்ந்துகொண்டு கத்துவார்கள். அணித் தலைவரிடம் மட்டும் பேசுங்கள், ஒரே வாக்கியத்தில். மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கும் முன் துணை நடுவரின் முகத்தை ஒருமுறை பாருங்கள். தொடங்கிய பின் பொதுவாகத் தீர்ப்பை மாற்ற விதி இடம் தராது.

அறிக்கையை வீடியோ பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினேன். நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்கவே முடியாத ஒரு முழங்கையை அதில் விரிவாக வர்ணித்திருந்தேன். மேற்பார்வையாளர் அந்த வரிக்குக் கீழே சிவப்பில் கோடிட்டு, வேறெதுவும் எழுதாமல் திருப்பி அனுப்பினார்.