முதல் உலகப்போர் விமானப் படத்துக்குக் காலம் கணிப்பது எப்படி

படத்தின் பின்புறம் பென்சிலில் எழுதியிருக்கும் ஆண்டை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல படங்களில் அது பிற்காலத்தில் யாரோ ஊகித்து எழுதியது. விமானத்திலுள்ள சின்னங்களே கூடுதல் நம்பகமானவை. ஆனால் ஒரு சின்னம் ‘இதற்கு முன் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும். ‘இதற்குப் பின் இல்லை’ என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. ஆகவே கீழ் எல்லையை முதலில் பிடியுங்கள், மேல் எல்லையைப் பிறகு தேடலாம்.

முதல் வேலை, நிறங்களைச் சரியாக வாசிப்பது. அக்காலத்தில் பெரிதும் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற வகைப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. அது கறுப்பாக விழும். நீலமோ வெளிறி, சில சமயம் வெள்ளையோடு கலந்தேவிடும். இதை மறந்தால், விமானம் எந்த நாட்டுடையது என்று காட்டும் வட்டச் சின்னத்தைத் தலைகீழாகப் படிப்பீர்கள். பிரெஞ்சு வட்டத்தில் வெளியே சிவப்பு, நடுவே நீலம்: படத்தில் கருவளையமும் வெளிறிய மையமும் தெரியும். பிரிட்டிஷ் வட்டம் அதற்கு நேர்மாறு: மையத்தில் கரும்புள்ளி, வெளிவளையம் சாம்பல். வெளியே சிவப்பு, அடுத்து நீலம், நடுவே வெள்ளை என்றால் 1918-இன் அமெரிக்க விமானமாக இருக்கலாம். ஆனால் ஜார் காலத்து ரஷ்ய வட்டத்திலும் இதே வரிசைதான். அங்கே விமானத்தின் ரகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ‘கறுப்பு விமானம்’ என்று குறிப்பு எழுதுவதற்கு முன் அது சிவப்பாக இருந்திருக்குமா என்றும் யோசியுங்கள்.

பிரிட்டிஷ் விமானத்தின் இறக்கைக்கடியில் வட்டம் இல்லாமல் நாட்டுக்கொடி வரைந்திருந்தால் போரின் முதல் மாதங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அந்தக் கொடியின் சிலுவையும் ஜெர்மன் சிலுவையும் ஒன்றுபோலத் தெரிந்ததால்தான் 1914-இன் இறுதியில் வட்டத்துக்கு மாறினார்கள்.

ஜெர்மன் விமானங்களில் சிலுவையின் வடிவமே நாள்காட்டி. கைகள் நுனியில் விரிந்திருந்தால் பழைய வடிவம். நேர்க்கோட்டுக் கைகள் 1918 வசந்தத்தில் வந்த ஆணைக்குப் பின்னவை. களத்திலேயே மாற்றி வரைந்த விமானங்களில் புதுப் பூச்சுக்கடியில் பழைய சிலுவையின் நிழல் தெரியும், பூதக்கண்ணாடியில் பாருங்கள். அப்படித் தெரிந்தால் மாற்றம் நடந்த காலத்துக்கு மிக அருகில் வந்துவிட்டீர்கள்.

துப்பாக்கியை வைத்துக் கணிக்கும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சுழலும் ப்ரொப்பல்லரின் இலைகளில் படாமல் அதன் ஊடே சுட உதவும் ஒத்திசைவுக் கருவி 1915 கோடையில் ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானத்தோடு களத்துக்கு வந்தது. அதற்காக, மேலிறக்கைமீது துப்பாக்கி இருந்தாலே படம் பழையது என்று சொல்லிவிட முடியாது: 1917-இல் வந்த எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் போர்விமானம் இரண்டு ஏற்பாடுகளையும் ஒன்றாகவே சுமந்தது. ஐலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) இல்லாத இறக்கையும் அப்படியே. இறக்கையையே முறுக்கித் திரும்பும் பழைய முறையை அந்த ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானமும் வைத்திருந்தது.

போருக்குப் பிந்திய படங்களில் ஆயுதக் களைவு விதிகளே அளவுகோல். 1918 நவம்பர் 11 போர்நிறுத்தத்தின்படி ஜெர்மனி 1,700 விமானங்களை ஒப்படைக்க வேண்டும். அதில் ஃபோக்கர் டி.7 (D.VII) என்ற போர்விமானம் பெயர் சொல்லியே கேட்கப்பட்டது. எனவே சேதமில்லாத டி.7கள் வரிசையாக நேசநாட்டார் வசம் நின்றால் அநேகமாக அந்தத் தேதிக்குப் பின்தான். ஒற்றை விமானம், குண்டுத் துளைகளோடு என்றால் போரின்போதே பிடிபட்டதாக இருக்கலாம். டி.7-இல் வளையமே இல்லாத ஒற்றைக் கருவட்டம் இருந்தால் திகைக்க வேண்டாம். அது நெதர்லாந்தின் ஆரஞ்சு வட்டம், 1921 வரை புழங்கியது. இந்த விமானங்களின் தயாரிப்பாளரான ஃபோக்கர் தம் விமானங்களை ரயிலேற்றி அந்நாட்டுக்குக் கடத்தியிருந்தார்.

வெர்சாய் ஒப்பந்தம் 1919 ஜூன் 28-இல் கையெழுத்தாகி 1920 ஜனவரி 10-இல் அமலானது. அதன் 198ஆம் பிரிவு ஜெர்மனிக்கு ராணுவ விமானப்படையே கூடாது என்றது. கடல் கண்ணிவெடிகளைத் தேட மட்டும் 1919 அக்டோபர் 1 வரை 100 கடல் விமானங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஆகவே 1919-இல் எடுத்ததாகச் சொல்லப்படும் ஜெர்மன் கடல் விமானப் படத்தைப் பொய் என்று அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். உடைத்த விமான உடல்களும் எஞ்சின்களும் குவிந்து கிடக்கும் படங்களை ஒப்பந்தத்தையடுத்த ஆண்டுகளில் தேடுங்கள். உடலில் ‘டி’ (D) எழுத்தும் அதையடுத்து எண்களும் மட்டும் இருந்தால் அது ஜெர்மன் பயணியர் அல்லது அஞ்சல் விமானம் போன்ற குடிமை விமானம். அந்த எண் முறை 1934-இல் எழுத்துகளுக்கு மாறியது. இங்கே மட்டும் மேல் எல்லையும் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது.