புல்வெளித் தோட்டத்தில் திஸில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்டுப்பூப் புல்வெளியில் திஸில் (thistle) என்ற, பெரும்பாலும் முள்ளுள்ள பூச்செடியை வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, இனம் பார்க்காமல் நடுவது. பல்லாண்டு வாழும் திஸில்களில் சிர்சியம் ஆர்வென்ஸ் என்ற படர் திஸிலை மட்டும் உள்ளே விடவே கூடாது. அதன் வேர் மண்ணுக்கடியில் கிடையாக ஓடி, வழியெங்கும் புதுத் தளிர் விடும். வெளிர் ஊதாப் பூத்தலைகள் சிறியவை. ஒரே தண்டில் கொத்தாக வரும். தண்டில் முள் அநேகமாக இருக்காது, இலை ஓரத்தில்தான் குத்தும்.

அது ஏற்கெனவே வந்துவிட்டால் கொத்திக் கிளறாதீர்கள். அறுபட்ட சின்ன வேர்த்துண்டுகூடத் தனிச் செடியாகிவிடும். மொட்டு கட்டும் சமயத்தில் வேரின் சேமிப்பு குறைந்திருக்கும். அப்போது தரையோடு அறுத்து, தளிர்க்கத் தளிர்க்க மீண்டும் அறுக்க வேண்டும். சில ஆண்டுகள் விடாமல் செய்தால்தான் ஓயும்.

நடத் தகுந்தவை வேறு. சிர்சியம் ரிவுலேர் சுமார் 1.2 மீட்டர் உயரம் வளரும். அதன் கருஞ்சிவப்பு ரகம் தோட்டங்களில் பிரபலம். சிர்சியம் ஹெட்டெரோஃபில்லத்தில் முள் குத்தாது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். இரண்டுக்கும் ஈரம் காக்கும் மண் வேண்டும். வறண்ட மேட்டில் நட்டுவிட்டுச் செடி வாடுகிறதே என்று கவலைப்படுவதில் பயனில்லை. சுண்ணாம்புச் சத்துள்ள வறண்ட மண்ணில், புல் குட்டையாக இருந்தால், தரையோடு ஒட்டி வளரும் சிர்சியம் அகௌலே பொருந்தும்.

அடர்ந்த புல்லின் மேல் விதை தூவுவதும் வீண். முளைத்தாலும் புல் அமுக்கிவிடும். தொட்டியில் நாற்று வளர்த்து, 30 செ.மீ. அகலத்துக்குப் புல்லை வேரோடு எடுத்துவிட்டு, 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். கருஞ்சிவப்பு ரிவுலேர் ரகத்தை வசந்தத்தில் தூரைப் பிரித்தே பெருக்க வேண்டும். முதல் கோடையில் நீர் முக்கியம்.

உரம் போடவே போடாதீர்கள். அது புல்லைத்தான் கொழுக்க வைக்கும். புல்லை அடக்க, அரை ஒட்டுண்ணியான (தானும் உணவு தயாரித்து, புல்லின் வேரிலிருந்தும் சத்தை உறிஞ்சும்) ரைனான்தஸ் மைனரின் புது விதையை இலையுதிர்காலத்தில் சுரண்டிய வெறும் மண்ணில் தூவலாம். அது ஓராண்டுச் செடி. விதை உதிருமுன் புல் அறுத்தால் மறு ஆண்டு இருக்காது.

ஆகவே புல்வெளியைக் கோடை முடிவில் அறுங்கள். அறுத்ததைச் சில நாள் காயவிட்டு, விதை உதிர்ந்ததும் முழுவதும் வாரி அகற்றுங்கள். அப்படியே மட்கவிட்டால் மண் வளம் கூடும். திஸில் விதை தின்னும் சிறு பறவைகளுக்காகச் சில தண்டுகளை அறுக்காமல் விடுவது நல்லது. படர் திஸில் தண்டுகளை மட்டும் விடாதீர்கள்.