தடா, நாகலாபுரம் கிளம்பும் முன்: மழைக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரட்டாசி வெயில் தணிந்ததும் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பசங்களுக்கு மலை ஆசை வந்துவிடும். ஒன்று தடா அருவி, இல்லையென்றால் நாகலாபுரம். இரண்டும் ஆந்திராவில் இருந்தாலும் நமக்குத் தாம்பரம் தாண்டிப் போவதைவிட அது சுலபம். தண்ணீர் பாட்டில், தொப்பி பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

தெருவில் மழை இல்லை என்று கிளம்புவது

"ராத்திரி ஒரு சொட்டு இல்லண்ணா!" இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் தெருவுக்கும் அந்த ஓடைக்கும் என்ன சம்பந்தம்?

செப்டம்பரிலும் அக்டோபர் முன்பாதியிலும் மழை மேற்கே திரளும். மதிய வெயிலுக்குப் பிறகு மலைப் பக்கம் இடித்துக் கொட்டிவிட்டு, ராத்திரிதான் நம்மூருக்கு வரும். சில நாள் வராமலே போகும். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்கு மேல் வடகிழக்குப் பருவமழை, கடலிலிருந்து. அப்போது காசிமேட்டில் விடியற்காலை கொட்டி, பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில் அடிக்கும். அதை நம்பி மலைக்குப் போகக் கூடாது. அங்கே பாறைதான் அதிகம், மண் கம்மி. மேலே பெய்வது ஊறாமல் நேரே ஓடைக்கு இறங்கும். குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும்.

போன வருஷம் கொருக்குப்பேட்டைப் பையன் ஒருத்தன் அக்கரைப் பாறையில் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான். அடிக்கல் தெரிய ஓடிய தண்ணீர் செம்மண்ணாக மாறியது, சருகும் குச்சியும் மிதந்து வந்தன. "எழுந்து வாடா" என்றேன். "சாப்ட்டு வரேண்ணா" என்றான். கை கழுவுவதற்குள் கணுக்கால் தண்ணீர் இடுப்பளவு. வடிவதற்குள் இருட்டிவிட்டது. நடுவில் ஒரு வீரன் கயிறு கட்டி இழுக்கலாம் என்று கிளம்பினான். அதட்டி உட்கார வைத்தேன். வேகமாக ஓடும் தண்ணீரில் இடுப்பில் கயிறு கட்டியவன் கால் தவறினால், கயிறு இறுகி ஆளை அமுக்கிவிடும்.

தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகு வந்தாலோ, சத்தம் கூடினாலோ, திரும்பும் வழி இருக்கிற கரைக்கு உடனே வந்துவிடுங்கள். அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டால் கடக்காதீர்கள். மேட்டில் உட்கார்ந்து காத்திருங்கள்.

தடா ஸ்டேஷனில் இறங்கி அருவியைத் தேடுவது

அருவி இருப்பது வரதய்யபாளையத்துக்கு அந்தப் பக்கம், உப்பலமடுகில். நடக்கிற தூரம் இல்லை. ஆட்டோ பேசும்போதே திரும்புவதற்கும் சேர்த்துப் பேசுங்கள்.

இருட்டு

நவம்பரில் 5.40க்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டு. மூன்று மணிக்குத் திரும்புங்கள். போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம்.

சரக்கு

வேண்டாம்.

கேட் மூடியிருந்தால் வேறு வழி தேடுவது

மழை பலத்தால் வனத்துறை உள்ளே விடாது. குறுக்கு வழி காட்ட ஆள் வருவான், போகாதீர்கள். தடா வரை வந்தாயிற்று என்றால் சூளூர்பேட்டைக்குப் போய் நேலபட்டு பறவைகள் சரணாலயம் பார்க்கலாம். அக்டோபரிலிருந்தே அங்கே கூழைக்கடா வர ஆரம்பித்துவிடும்.