பெல்ட் போட்டாச்சா என்பது அப்புறம்

சாரத்தில் ஏறுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “பாதுகாப்பு பெல்ட்டின் பட்டையைத் தடவிப் பார்த்தாச்சா?” என்றுதான். இரண்டு கையாலும் பட்டையை வளைத்துப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். அறுந்த நூல் அந்த வளைவில்தான் எழுந்து நிற்கும். வெல்டிங் பொறி பட்ட இடம் பளபளவென்று இறுகி விரலில் நெருடும். அப்படியிருந்தாலோ, தையல் பிரிந்திருந்தாலோ, லேபிளைப் படிக்க முடியாவிட்டாலோ ஓரங்கட்டுங்கள். ஒருமுறை விழுந்த ஆளைத் தாங்கிய பெல்ட்டை வெட்டியே போடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

கயிறு மாட்டும் முதுகு வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கட்டும். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழையலாம், முஷ்டி நுழையக்கூடாது.

கயிற்றின் கொக்கி தலைக்கு மேலே, உறுதியான பிடிமானத்தில். கைப்பிடிக் குழாயில் வேண்டவே வேண்டாம். கால் மட்டத்தில் மாட்டினால் 1.8 மீட்டர் கயிறு, விழும் அதிர்ச்சியை வாங்கும் ஷாக் அப்சார்பர் பிரிந்து நீள்வது, உங்கள் உடம்பு எல்லாம் சேர்ந்து விழும் தூரம் 5 மீட்டர் தாண்டும். முதல் மாடி உயரம் 3 மீட்டர்தானே, கயிறு இறுகுமுன் தரை வந்துவிடும்.

அழுக்கானால் மிதமான சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர் கூடாது. நிழலில் காயவையுங்கள், வெயிலில் நைலான் நைந்துபோகும்.