நீட் அட்டவணை எங்கே உடைகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பப்ளிக் முடியட்டும், அப்புறம் நீட்டுக்கு உட்காரலாம் என்பது வீட்டுக்கு வீடு போடும் கணக்கு. 2025-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 25-இல் முடிந்தது. நீட் மே 4. நடுவில் 39 நாள். படித்ததைத் திருப்பிப் பார்க்க அது போதும், புதிதாகப் படிக்கப் போதாது. அட்டவணை போட வேண்டிய மாதம் பிளஸ் ஒன் ஜூன்.

அந்தப் பிளஸ் ஒன்னில்தான் பெரிய ஓட்டை விழுகிறது. நீட் பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். அந்த வகுப்புக்கு இருந்த பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு இல்லாத வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ புத்தகத்தை முன்கூட்டியே விரிக்கும் பழைய வழக்கம் தலைதூக்கினால் அடிபடுவது நீட் எழுதுபவர்கள். மனித உடலியங்கியல், ஒளிச்சேர்க்கை, மோல் கணக்கு, வேதிப்பிணைப்பு, இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன் பாடங்கள். மையநோக்கு விசை புரியாமல் வந்த பிள்ளைக்கு, பிளஸ் டூவில் காந்தப்புலத்தில் வட்டமடிக்கும் மின்துகளின் ஆரத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு வெறும் சூத்திரமாகத்தான் தெரியும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கை நின்றுவிடும். பள்ளி நடத்தாத பாடங்களைத் தனியே குறித்துவைத்து, பிளஸ் ஒன் முடிந்த ஏப்ரல், மே விடுமுறைக்குள் முடித்துவிடுங்கள். பிளஸ் டூ தொடங்கியபின் வாரத்தில் ஒரு நாள் பிளஸ் ஒன்னுக்கு என்று ஒதுக்கினால் போதும். ஒரு நாள்கூட ஒதுக்காதவர்கள் தீபாவளிக்குள் பாதியை மறந்திருப்பார்கள்.

பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. கணக்குப் பாடம் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. இயற்பியலுக்கு வெக்டர், எளிய வகையிடல், தொகையிடல், மடக்கை தேவை. பிளஸ் ஒன்னின் முதல் மூன்று வாரம் தினம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால், பிறகு இயற்பியல் வகுப்பில் விழிக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வந்ததும், கோச்சிங்கும் சேர்த்து நடத்துகிறார்கள் என்று அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாற்றுவார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அந்த டி.சி.யோடு போய்விடும். அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே கதிதான். மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. மாற்றும் முன் இதை எடைபோடுங்கள்.

தமிழில் எழுதப் போகிறவர்கள் ஆங்கிலச் சொல்லைத் தொடாமலே தயாராவதும் ஆபத்து. 2018-இல் 49 கேள்விகளின் தமிழாக்கத்தில் பிழை என்று வழக்கு வந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கருணை மதிப்பெண் தரச் சொன்னது; உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தமிழாக்கத்தில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது தேர்வு விதி. வினாத்தாளில் இரண்டும் அருகருகே இருக்கும். நிலைமத் திருப்புத்திறன் என்று படிக்கும் அன்றே மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்பதையும் அதே நோட்டில் எழுதிக்கொண்டால் வேலை முடிந்தது.

பிப்ரவரியில் எல்லாம் ஒன்றாக வந்து முட்டும்: பிராக்டிகல், ரிவிஷன் தேர்வு, நீட் விண்ணப்பம். 2025-இல் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை. ஆதாரில் இனிஷியல் முன்னால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னால் என்பது போன்ற சிக்கலை அரையாண்டு விடுமுறையிலேயே இ-சேவை மையத்தில் விசாரித்துச் சரிசெய்துவிடுங்கள். ரெக்கார்ட் நோட்டும் ஜனவரிக்குள் முடியட்டும்.

பப்ளிக்கை அலட்சியப்படுத்துவது எதிர்ப்பக்கத் தவறு. எம்.பி.பி.எஸ். தரவரிசைக்குப் பிளஸ் டூ மார்க் சேராது என்பது சரி. ஆனால் மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவமும், ஒத்தக்கடை வேளாண் கல்லூரி போன்ற இடங்களும் அந்த மார்க்கை வைத்துத்தான் கிடைக்கின்றன.

கடைசி வாரங்களில் மதுரைக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு: சித்திரைத் திருவிழா. 2024-இல் அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23, நீட் மே 5. 2025-இல் நீட் முடிந்து நாலாம் நாள் மீனாட்சி திருக்கல்யாணம். மாசி வீதிப் பக்கம் வீடு என்றால் மைக் செட், ஊரிலிருந்து வரும் உறவு, போக்குவரத்து மாற்றம் எல்லாம் சேர்ந்துவிடும். திருவிழா நாள்களை அட்டவணையில் முதலிலேயே குறித்து, அன்றைக்கு மாதிரித் தேர்வு வைக்காதீர்கள். எழுதிய தாள்களில் தப்பானதைப் பார்க்கும் வேலையை வைத்துக்கொள்ளலாம்.

மாதிரித் தேர்வை விடியற்காலை எழுதிப் பழகுகிறார்கள். நீட் நடப்பது மதியம் 2 முதல் 5 வரை, சோறு உண்டு கண் சொக்கும் நேரம். ஞாயிறுதோறும் அதே நேரத்தில் எழுதுங்கள். 2022 முதல் 2024 வரையிலான தாள்களில் 200 கேள்வி, அதில் 180-க்கு விடை எழுதினால் போதும், நேரம் 200 நிமிடம். இப்போது 180 கேள்வி, 180 நிமிடம். பழைய தாளை அப்படியே எழுதினால் வேகம் தவறாகப் பழகும். உயிரியலின் 90 கேள்விக்கு 45 நிமிடம், வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 65 என்று பிரித்தால் 20 நிமிடம் மிஞ்சும். ஓ.எம்.ஆர். விடைத்தாளின் வட்டங்களைக் கடைசியில் மொத்தமாக நிரப்பாமல், 15 கேள்விக்கு ஒருமுறை நிரப்புங்கள். ஒரு வரி தள்ளி நிரப்பிவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் தப்பாகும், தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் கழியும். 15-க்குள் என்றால் பிழையை அங்கேயே கண்டுகொள்ளலாம்.