டர்போ இன்ஜினில் பிஸ்டன் உடையாமல் டியூன் செய்வது எப்படி?

டர்போ இன்ஜினில் பிஸ்டன் உடைந்துவிட்டால், அதைவிட உறுதியான ஃபோர்ஜ்டு (அச்சில் அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டனை வாங்கிப் போட்டுவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆனால் உடைத்தது எது என்று கண்டறியாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால், அதே டியூன், அதாவது பெட்ரோல், தீப்பொறி நேரம், டர்போ அழுத்தம் ஆகியவற்றுக்கு வைத்த அமைப்பு, புதிய பிஸ்டனையும் உடைக்கும். சற்றுக் கூடுதல் நாள் தாங்கும், அவ்வளவுதான். சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ காரில் வந்த 2.5 லிட்டர் ஈஜே257 இன்ஜினை முன்வைத்து இதை விளக்குகிறேன். பிஸ்டன் உடைவதற்குப் பெயர்போன இன்ஜின் அது; அதன் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தரும் தகவல்களும் டியூன் செய்பவர்களுக்கு நன்கு பழகியவை.

கழற்றிய பிஸ்டனைத் துடைத்துவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த இன்ஜினில் பெரும்பாலும் உடைவது, ரிங்குகள் உட்காரும் காடிகளுக்கு நடுவே வரப்புப் போல நிற்கும் மெல்லிய பகுதி. ரிங் லேண்ட் என்பது இதைத்தான். அந்த வரப்பில் நகத்துண்டு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து, உடைந்த முகம் சொரசொரப்பாகவும் உருகிய தடம் ஏதுமின்றியும் இருந்தால், நாக்கிங்கை, அதாவது பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை தானே வெடிப்பதை, முதலில் சந்தேகிக்க வேண்டும். பிஸ்டன் தலையின் ஓரத்தில் மணல் வாரி அடித்தாற்போலப் பொடிக்குழிகள் தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது. மாறாக, தலையில் மெழுகு உருகியதுபோல ஓட்டை விழுந்திருந்தால், தீப்பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கே அளவுக்கு மீறிச் சூடேறும் ஸ்பார்க் பிளக்கையும், பெட்ரோல் போதாமல் போனதையும் விசாரிக்க வேண்டும். ரிங்கின் இரு முனைகளும் ஒன்றோடொன்று முட்டிப் பளபளத்திருந்தால், குற்றம் டியூனில் இல்லாமல் ரிங்கின் இடைவெளியில் இருக்கலாம்.

நாக்கிங் ஏன் வரப்பை உடைக்கிறது? தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேர்வதற்குள், ஓரத்தில் மீந்திருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிக்கிறது. அந்த அதிர்வு சுத்தியல் அடிபோலப் பிஸ்டனில் இறங்குகிறது. இந்த இன்ஜினின் பிஸ்டன், சிலிக்கான் மிகுதியாகச் சேர்ந்த வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. சூட்டில் அதிகம் விரியாததால் சிலிண்டருக்குள் நெருக்கமாக, சத்தமின்றி ஓடும் என்பது அதன் நன்மை. அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்காமல் விரிசல் விடும் என்பது அதன் பலவீனம்.

டியூனிங்கைத் தொடங்குவதற்கு முன் லீக் டவுன் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, ஆயில் ஊற்றும் துளையில் காதை வைத்துக் கேட்டால், ரிங் வழியாகக் காற்று கசியும் சிலிண்டரில் ‘உஸ்’ என்ற சத்தம் மற்றவற்றைவிடத் தெளிவாகக் கேட்கும். வரப்பில் ஏற்கெனவே விரிசல் கண்ட இன்ஜினை எந்த டியூனும் குணப்படுத்தாது.

நல்ல நிலையில் இருக்கும் இன்ஜினைக் கெடுப்பதில், தனியாக மாற்றப்படும் இன்டேக் குழாய்க்குப் பெரும் பங்கு உண்டு. காற்றை அளக்கும் சென்சார், குறிப்பிட்ட விட்டமுள்ள குழாயில் இருப்பதாக எண்ணியே கணக்கிடுகிறது. குழாய் அகலமானால் அதே அளவு காற்று மெதுவாகச் செல்லும். சென்சார் குறைத்துக் காட்டும். அதை நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைக்கிறது. அதோடு நிற்காமல், இன்ஜினில் சுமை குறைவு என்று கருதி இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) முன்னே தள்ளுகிறது. இரண்டுமே நாக்கிங்கை அழைப்பவை. ஆகவே குழாயை மாற்றினால் சென்சாரின் அளவுகோலை டியூனில் திருத்தும்வரை பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏற்றி ஓட்டவே கூடாது.

அடுத்தது பெட்ரோல். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த மேப்கள் (டியூன் கோப்புகள்) பலவும், நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண்ணின் அமெரிக்கக் கணக்கில் 91, 93 என்று குறிக்கப்பட்டவை. அங்கே பங்கில் எழுதியிருப்பது இரு வேறு அளவீடுகளின் சராசரி. இந்தியாவில் சொல்லப்படுவது அவற்றில் ஒன்றான ஆர்ஓஎன் எண். அமெரிக்காவின் 91 நம் கணக்கில் ஏறத்தாழ 95. நம் கணக்கில் 91 என்றிருக்கும் பெட்ரோல் அங்கே 87 அளவில்தான் நிற்கும். எண் பொருந்துகிறதே என்று அந்த மேப்பை ஏற்றிவிட்டால், பிஸ்டனுக்கு ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

டியூன் செய்யும்போது குறைந்த பூஸ்ட், பின்தள்ளிய டைமிங், தாராளமான பெட்ரோல் என்றே தொடங்க வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று தேவை என்றாலும், ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது இவ்வகை இன்ஜின்களுக்கு 11 முதல் 11.5 வரை வைப்பது வழக்கம். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டைத் தணிக்கிறது. இந்த விகிதத்தை, புகைக்குழாயில் தனியாகப் பொருத்திய வைட்பேண்ட் சென்சாரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இன்ஜெக்டர் தன் திறனில் 85 சதவீதத்தைத் தாண்டினால், பூஸ்டை ஏற்றுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, திருப்புவிசை கூடாத இடத்தில் கூட்டிய டிகிரியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். அந்த டிகிரி சக்தியைத் தராது. பிஸ்டன் மீது அழுத்தத்தை மட்டுமே தரும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஈசியூவின் பதிவைப் பாருங்கள்; நாக் சென்சார் நாக்கிங்கைக் கேட்டால் ஈசியூ டைமிங்கைப் பின்வாங்கும். கியர் மாற்றும்போது ஒருமுறை மட்டும் டைமிங் பின்வாங்கியிருந்தால், வெறும் இரைச்சலை நாக் சென்சார் தவறாகக் கேட்டிருக்கலாம். அதே ஆர்பிஎம்மில், அதே சுமையில் திரும்பத் திரும்பப் பின்வாங்கினால் அது உண்மையான நாக்கிங். அந்தக் கட்டத்தில் டைமிங்கைக் குறைக்க வேண்டும். சுபாருவின் ஈசியூ, டைமிங் மீதான தன் நம்பிக்கையை டிஏஎம் என்ற எண்ணாக வைத்திருக்கிறது (1 என்றால் முழு நம்பிக்கை); அது 1-க்குக் கீழே இறங்கியிருக்கும்போது காரணம் தெரியும்வரை ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம்.

இன்ஜெக்டர் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பாய்ச்சும் புதிய டர்போ இன்ஜின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் அதிகச் சுமை ஏறும்போது ஆயில் துளிகளால் கலவை முன்னதாகவே பற்றிக்கொள்கிறது. ஒரே அடியில் பிஸ்டன் போய்விடலாம். இவற்றில் 2000 ஆர்பிஎம்மைச் சுற்றித் திருப்புவிசையை அளவோடு வைத்து, ஏபிஐ எஸ்பி தர ஆயிலை ஊற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அதிக சக்தி தேவைப்பட்டால், ஃபோர்ஜ்டு பிஸ்டன் சரியான தேர்வுதான். டர்போ இன்ஜினில் மேலே உள்ள முதல் ரிங்கின் இடைவெளியாகச் சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.005 மில்லிமீட்டர் என்பது பரவலான தொடக்கக் கணக்கு, 99.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த இன்ஜினுக்கு அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். பிஸ்டனோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இவ்வகைப் பிஸ்டன் சூட்டில் கூடுதலாக விரிவதால், சிலிண்டரில் இடம் விட்டே பொருத்துவார்கள். குளிர்ந்த நிலையில் எழும் ‘டக டக’ சத்தம் அதனால் வருவது. ஆயில் சூடேறி அந்தச் சத்தம் அடங்கிய பின்னரே பூஸ்டைத் தொடுங்கள்.